பேதுரு கை நனைத்த வீடு

“அவங்க வீட்டுல நாங்க கை நனைக்கிறதில்ல.”

சின்ன வயதில் இந்தப் பேச்சை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டிருக்கிறேன். சொன்னவர் கெட்டவர் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், தினமும் வேதம் வாசிக்கிறவர். அந்த வீட்டுக்காரர்களோடு நன்றாகப் பேசுவார். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதுவார், அவசரத்துக்குப் பணம்கூடக் கொடுத்திருக்கிறார். பந்தியில் மட்டும் உட்கார மாட்டார். யார் நம்மவர், யார் வெளியாள் என்பதைக் காட்ட அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

கிறிஸ்தவ விசுவாசத்தில் ‘கடவுளின் அழைப்பு’ என்று ஒரு பேச்சு உண்டு, ‘அந்நியரை ஏற்றுக்கொள்ளுதல்’ என்று இன்னொரு பேச்சு உண்டு. பிரசங்கங்களில் இவை தனித்தனித் தலைப்புகளாகத்தான் வரும். புதிதாக வேதம் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதலாவது ஏதோ போதகர்களுக்கும் குருமார்களுக்கும் உரிய சங்கதி போலவும், இரண்டாவது நல்ல குணங்களில் ஒன்று போலவும் தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் இருந்தது. இரண்டும் ஒரே கதையின் இரண்டு முனைகள் என்று எனக்குப் புரியவைத்தது இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களைப் பற்றி லூக்கா எழுதிய அப்போஸ்தலருடைய நடபடிகள் என்ற புத்தகத்தின் 10ஆம் அதிகாரம். அதை வைத்தே இதை விளக்கப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஆபிரகாமிடம் கொஞ்சம் போய்வர வேண்டும்.

அழைப்பு என்றதும் எல்லாரும் முதலில் நினைப்பது ஆபிரகாமைத்தான். ஆரான் என்ற ஊரில் குடியிருந்த 75 வயது மனிதர். உன் தேசத்தையும் உன் இனத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படு, நான் காட்டும் தேசத்துக்குப் போ என்று கடவுள் சொல்கிறார். எந்த தேசம், எத்தனை நாள் நடை, அங்கே யார் இருக்கிறார்கள், ஒன்றும் சொல்லவில்லை. எபிரெயர் நிருபம் இதைத் திரும்பிப் பார்க்கும்போது, தான் போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டுப்போனான் என்கிறது. விசுவாசம் என்ற சொல்லுக்கு வேதாகமம் காட்டும் முதல் பெரிய உதாரணம் இந்தப் புறப்பாடுதான். எல்லாம் விளங்கிய பிறகு கிளம்புவதற்கு நம்பிக்கை எதற்கு?

ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்துவிடுகிறது. சொந்த ஊரில் பெரிய வீட்டுக்காரராய் இருந்தவர், கானானுக்கு வந்ததும் பரதேசி ஆகிவிடுகிறார். பல வருடம் கழித்து மனைவி சாராள் இறந்தபோது, புதைக்க ஆறடி நிலம்கூட அவருக்கு அங்கே சொந்தமில்லை. “நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாய் இருக்கிறேன்” என்று அந்த ஊர்க்காரர்களிடம் சொல்லி, 400 சேக்கல் வெள்ளி எடைபோட்டுக் கொடுத்து ஒரு நிலத்தையும் அதிலிருந்த குகையையும் வாங்குகிறார். கடவுளால் அழைக்கப்பட்டவர் வெளியாளாகத்தான் வாழ்ந்து முடித்தார்.

அதனால்தானோ என்னவோ, வெளியாட்கள் வந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. மம்ரே என்ற இடத்தில், வெயில் ஏறிய நேரம், கூடார வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று பேர் நிற்கிறார்கள். யாரென்று தெரியாது. எழுந்து ஓடுகிறார். கொஞ்சம் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறேன், கால் கழுவுங்கள், கொஞ்சம் அப்பம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்கிறார். உள்ளே போய் சாராளிடம் சொல்வதோ மூன்று படி மெல்லிய மாவு. அந்தக் காலத்து எபிரெய அளவில் அது சுமார் 20 லிட்டர் கொள்ளும். மூன்று பேருக்கு! அப்புறம் நல்ல இளங்கன்று, வெண்ணெய், பால். வாசலில் ‘கொஞ்சம்’ என்று சொல்லி அடுப்படியில் ஊருக்கே சமைக்கிற அந்த மனசை நம் ஊர்ப் பாட்டிகளிடம் பார்த்திருக்கிறோம். அந்த மூவர் சாதாரண வழிப்போக்கர் அல்ல என்பது அவருக்குப் பிறகுதான் தெரிகிறது.

இந்த நினைவு பிறகு அவருடைய வம்சத்தாரான இஸ்ரவேலருக்குச் சட்டமாகவே வருகிறது. அந்நியனை ஒடுக்காதே, எகிப்தில் நீங்கள் அந்நியராய் இருந்தீர்களே, அந்நியனுடைய இருதயம் உங்களுக்குத் தெரியுமே என்று யாத்திராகமம் சொல்கிறது. ஏழை பாவம் என்று இரக்கப்படச் சொல்லவில்லை, உனக்கே அது தெரியும் என்கிறது. புதிய ஏற்பாட்டில் ‘உபசரித்தல்’ என்று நாம் வாசிக்கும் இடங்களில் கிரேக்கத்தில் இருக்கும் சொல்லுக்கு ‘அந்நியன்மேல் அன்பு’ என்பதுதான் நேர்ப்பொருள். தமிழில் ‘விருந்து’ என்ற சொல்லுக்கும் பழைய பொருள் புதுமை என்பதே. புதிதாய் வந்தவர்தான் விருந்து. சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுவதை அந்தச் சொல் முதலில் குறிக்கவே இல்லை.

சரி, இப்போது 10ஆம் அதிகாரம்.

மத்தியதரைக் கடலோரத்தில் இரண்டு ஊர்கள். ஒன்று யோப்பா, இன்றைய டெல் அவிவ் நகரத்தோடு ஒட்டியிருக்கும் பழைய துறைமுகம். இன்னொன்று அதற்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள செசரியா. பெரிய ஏரோது கட்டிய நகரம், ரோம ஆளுநரின் தலைமையிடம். இயேசுவுக்குத் தண்டனை கொடுத்த பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் அந்த ஊர் இடிபாடுகளில்தான் கிடைத்தது. யூதர்களைப் பொறுத்தவரை அது அந்நிய ஆட்சி குடியிருக்கும் ஊர்.

செசரியாவில் கொர்நேலியு என்றொரு ரோம ராணுவ அதிகாரி. நூற்றுக்கு அதிபதி, அதாவது சுமார் நூறு வீரர்களுக்குத் தலைவர். யூதர் இல்லை. ஆனாலும் இஸ்ரவேலின் கடவுளுக்குப் பயந்தவர், ஏழைகளுக்குக் கொடுப்பவர், விடாமல் ஜெபிப்பவர். ஒருநாள் பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு ஒரு தேவதூதன் அவருக்குத் தோன்றி, யோப்பாவுக்கு ஆள் அனுப்பு, பேதுரு என்ற சீமோனை அழைத்துவா, அவர் கடலோரத்தில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில் தங்கியிருக்கிறார் என்கிறான். விலாசம் முழுசாக வருகிறது. வந்து என்ன சொல்வார் என்று மட்டும் அந்த இடத்தில் லூக்கா எழுதவில்லை.

தோல் பதனிடுகிறவர் வீடு என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். செத்த மிருகங்களின் தோலோடு நாள் முழுக்க வேலை, போகாத நாற்றம். யூத சமூகத்தில் ஒதுக்கிப் பார்க்கப்பட்ட தொழில் அது. தோல் பதனிடும் கூடம் ஊரிலிருந்து 50 முழம் தள்ளி இருக்க வேண்டும் என்று கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அப்போஸ்தலரான பேதுரு அந்த வீட்டில்தான் அநேக நாள் தங்கியிருந்தார். பெரிய அழைப்பு வருவதற்கு முன்பே ஒரு சின்ன வாசற்படியை அவர் தாண்டிவிட்டிருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

மறுநாள் நண்பகல். பேதுரு ஜெபம்பண்ண மொட்டைமாடிக்கு ஏறுகிறார். நல்ல பசி. கீழே சமையல் ஆகிக்கொண்டிருக்கிறது. அப்போது ஒரு தரிசனம்: நாலு முனையும் கட்டிய பெரிய துப்பட்டி போல ஒன்று வானத்திலிருந்து இறங்குகிறது. அதற்குள் சகலவித மிருகங்களும், ஊர்வனவும், பறவைகளும். “பேதுருவே, எழுந்திரு, அடித்துப் புசி” என்று ஒரு குரல். “அப்படியல்ல, ஆண்டவரே” என்கிறார் பேதுரு. தீட்டானதை நான் ஒருநாளும் தின்றதில்லை. “தேவன் சுத்தமாக்கினவைகளை நீ தீட்டாக எண்ணாதே” என்று பதில் வருகிறது. மூன்று தரம் இப்படி.

இங்கே பேதுருவைக் குறுகின மனசுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. யூதர்களுக்கு உணவு விதி என்பது வெறும் வழக்கம் அல்ல. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அந்தியோகு எப்பிபானேசு என்ற அரசன் யூத மார்க்கத்தையே அழிக்கப் பார்த்தபோது, பன்றி இறைச்சி தின்ன மறுத்ததற்காகவே உயிரைக் கொடுத்தவர்களின் கதைகளை மக்கபேயர் நூல்கள் சொல்கின்றன. தட்டில் எது இருக்கிறது என்பது கடவுளுக்கு உண்மையாய் இருப்பதன் அடையாளமாக இருந்தது. தாத்தன் பூட்டன் சாகத் துணிந்த ஒரு காரியத்தை விடு என்று கடவுளே சொன்னால் யாருக்குத்தான் குழப்பம் வராது? அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கீழே வாசலில் மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். கொர்நேலியுவின் வேலைக்காரர் இருவர், ஒரு ரோமப் போர்ச்சேவகன். சந்தேகப்படாமல் அவர்களோடு போ என்கிறார் ஆவியானவர்.

அழைப்பு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கொர்நேலியுவின் கையில் விலாசம் இருக்கிறது, செய்தி இல்லை. பேதுருவிடம் செய்தி இருக்கிறது, யாருக்கு என்று தெரியாது. ஒரு சீட்டை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி கொடுத்தது போல. அதிலும் முதல் பாதி போனது வெளியாளிடம்! அப்போஸ்தலருக்குத் தரிசனம் கிடைப்பதற்கு ஒரு நாள் முன்னமே பட்டாளத்துக்காரரின் ஜெபம் கேட்கப்பட்டாயிற்று. வெளியாளிடம் நாம்தான் கடவுளைக் கொண்டுபோகிறோம் என்ற எண்ணம் இந்த இடத்தில் நிற்காது. கடவுள் அங்கே முன்னமே போயிருந்தார்.

பேதுரு அந்த மூவரையும் உள்ளே அழைத்து, தங்கவைத்து உபசரிக்கிறார். மறுநாள் கிளம்புகிறார், யோப்பாவிலிருந்து சகோதரர்கள் ஆறு பேரும் கூட வருகிறார்கள். அதற்கு அடுத்த நாள் செசரியா. வீடு நிறையச் சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் காத்திருக்கிறார்கள். கொர்நேலியு காலில் விழுகிறார். எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான் என்று தூக்கிவிடுகிறார் பேதுரு. பிறகு சொல்கிறார்: யூதன் ஒருவன் யூதரல்லாத அந்நிய ஜாதியானிடம் போக்குவரவாய் இருப்பது விலக்கப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாது என்று தேவன் எனக்குக் காட்டியிருக்கிறார்.

துப்பட்டியில் இருந்தவை மிருகங்கள். பேதுரு பேசுவதோ மனிதர்களைப் பற்றி. அந்த மாற்றம் எங்கே நடந்தது? மாடியில் நடக்கவில்லை. அங்கே அவர் குழம்பிப்போய்த்தான் இருந்தார். மூன்று பேருக்கு இடம் கொடுத்த ராத்திரியிலும், ரோமச் சேவகன் ஒருவனோடு நடந்துவந்த வழியிலுமாக அர்த்தம் விளங்கியிருக்க வேண்டும். அப்படி வந்தவர் அடுத்து கேட்கும் கேள்வி, என்ன காரியத்துக்காக என்னை அழைத்தீர்கள் என்பது! 50 கிலோமீட்டர் வந்து வாசல் தாண்டி உள்ளே நிற்கிறவர், எதற்கு வந்தேன் என்று வீட்டுக்காரரைக் கேட்கிறார். அழைப்பை நம்புதல் என்றால் இதுதான். பாதி வெளிச்சத்தில் கால் எடுத்து வைப்பது.

யோப்பாவுக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. பிற ஜாதியாரின் பட்டணமான நினிவேக்குப் போ என்று கடவுள் சொன்னபோது, எதிர்த்திசையில் தர்ஷீசுக்கு ஓட யோனா தீர்க்கதரிசி கப்பல் ஏறியது இந்த யோப்பாவில்தான். மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு பேதுருவைக் கூப்பிடுவதோ யோனாவின் மகனாகிய சீமோனே என்று. லூக்கா இதை மனதில் வைத்துத்தான் எழுதினாரா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அதே கடற்கரையில் ஒரு யோனா ஓடினார், ஒரு யோனாவின் மகன் போனார் என்பதை ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு மறக்க முடிவதில்லை.

பேதுரு பேசத் தொடங்குகிறார். தேவன் பட்சபாதமுள்ளவர் அல்ல என்று இப்போது நிச்சயமாய் அறிந்துகொண்டேன் என்பது முதல் வரி. பேச்சை முடிக்கக்கூட இல்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்குகிறது. கூட வந்த யூத விசுவாசிகள் அசந்துபோகிறார்கள். ஞானஸ்நானம் நடக்கிறது. சில நாள் எங்களோடு தங்குங்கள் என்று அந்த வீட்டார் பேதுருவைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

அதிகாரம் அந்தச் சில நாட்களோடு முடிகிறது, என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதவில்லை. ஆனால் எருசலேமுக்குச் செய்தி போய்விட்டது. பேதுரு திரும்பி வந்ததும் அங்கிருந்தவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ஏன் பிரசங்கம் பண்ணினீர் என்று கேட்கவில்லை. விருத்தசேதனமில்லாதவர்களிடம் (நுனித்தோல் நீக்கும் யூதச் சடங்கு இல்லாதவர்களிடம், அதாவது யூதரல்லாதவர்களிடம்) போய் “அவர்களோடே போஜனம்பண்ணினீர்” என்பதுதான் குற்றச்சாட்டு. நம் ஊர்த் தமிழில் சொன்னால், அங்கே போய்க் கை நனைத்துவிட்டு வந்திருக்கிறீரே! பேதுரு நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லி, “தேவனைத் தடுக்கிறதற்கு நான் எம்மாத்திரம்” என்று முடிக்கிறார்.

வரவேற்பதில் இரண்டு பக்கம் உண்டு என்பதை இந்தக் கதையில்தான் நான் கற்றேன். அவர்களை நம் வீட்டுக்குள் சேர்ப்பது ஒன்று. அதில் வீடு நம்முடையது, சட்டம் நம்முடையது, கொடுக்கிற கை நம்முடையது. அவர்கள் வீட்டில் போய், அவர்கள் சமைத்ததை, அவர்கள் பாத்திரத்தில் சாப்பிடுவது இன்னொன்று. பேதுரு யோப்பாவில் முதலாவதைச் செய்தார், செசரியாவில் இரண்டாவதைச் செய்தார். பிரச்சினை வெடித்தது இரண்டாவதில்தான்.

இங்கே புதியவர்கள் இரண்டு கேள்வி கேட்பதுண்டு. மனசில் தோன்றுவதெல்லாம் அழைப்பா? இல்லை. பேதுருவுக்கு ஜெபத்தில் ஒன்று தெரிந்தது, வாசலில் வந்தவர்கள் சொன்னது அதோடு பொருந்தியது, கூடப் போன ஆறு பேரும் விளைவைக் கண்ணால் பார்த்தார்கள், பிறகு சபை கூடி விசாரித்தது. தனியாளின் உணர்ச்சியோடு நின்றுவிடவில்லை. அடுத்த கேள்வி, ஏற்றுக்கொள்ளுதல் என்றால் விசுவாசத்தைத் தளர்த்திக்கொள்வதா? பேதுரு கொர்நேலியுவுக்கு இயேசுவின் மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் முதலில் யூதனாக மாறு, பிறகு வா என்று சொல்லவில்லை. கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய ஆலோசனைச் சங்கமும் அதையே முடிவாக்கியது. விருத்தசேதனம் பிற ஜாதியாருக்குக் கட்டாயமில்லை.

பேதுருவும் ஒரேயடியாக மாறிவிடவில்லை. அந்தியோகியாவில் பிற ஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்ததாகக் கலாத்தியர் நிருபத்தில் எழுதியிருக்கிறார். மொட்டைமாடித் தரிசனம் கண்டவருக்கே பந்தியில் உறவுக்காரர் முகம் பார்க்கும் பயம் இருந்தது.

தமிழ்ச் சபைகளின் சரித்திரத்தில் இந்தப் பயம் கல்லும் சுண்ணாம்புமாகவே நின்றிருக்கிறது. தரங்கம்பாடியில் 1706இல் சீர்திருத்தச் சபை ஊழியம் தொடங்கிய நாளிலிருந்தே சாதி பார்த்து உட்காரும் சிக்கல் கூடவே வந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். பலர் சபையை விட்டே போனார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் ஒரு சுவர் எழுப்பப்பட்டது. திருவிருந்து ஆராதனையில் ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் குடிக்கத் தயங்கியவர்களுக்கும், ‘அப்படியல்ல, ஆண்டவரே’ என்ற மொட்டைமாடிக் குரலுக்கும் உள்ள நெருக்கத்தை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பேதுரு இறங்கி வந்தார். நம்மில் பலர் இன்னும் மாடியிலேயே இருக்கிறோம்.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சில வருடம் முன்னால் எங்கள் கோயிலுக்குப் பக்கத்தில் பெரிய அடுக்குமாடி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்த ஜார்க்கண்ட் பையன் ஒருவன் ஞாயிறு ஆராதனைக்கு வருவான். கடைசி வரிசை, செருப்பு கழற்றும் இடத்துக்குப் பக்கம். தமிழ் தெரியாது. ராகம் தெரிந்த பாட்டு வந்தால் அவன் மொழியில் மெதுவாகப் பாடுவான். நாங்கள் கைகுலுக்கினோம், கிறிஸ்மஸுக்கு கேக் கொடுத்தோம். நன்றாகத்தான் வரவேற்கிறோம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவன் வந்து, வீட்டுக்குச் சாப்பிட வாங்க என்றான். அந்த மூன்று சொல்லை யாரிடமோ கேட்டுப் படித்துவைத்திருந்தான். ‘இல்லப்பா, வீட்டுல சமைச்சு வச்சிருக்காங்க’ என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. அது எங்கள் திண்ணையில் கேட்ட அதே பேச்சுதான், கொஞ்சம் மரியாதையாக.

போனேன். தகரக் கொட்டகை, ஏழெட்டுப் பேர் தங்கும் ஒரே அறை. மூலையில் அடுப்பு. சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பொரியல். உட்காரப் பாய் ஒன்றை உதறிப் போட்டான். சாப்பிடும் முன்னால் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, பெயின்ட் டப்பாவிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு, நீட்டு என்று சாடை காட்டி, என் கையில் ஊற்றினான்.